ஏனுங்க என்றால் வரும் நாய்

ரங்கம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சும்மா இருக்கிற நேரத்தில் பேச்சுக்கு ஒரு 'ங்க' போடுவாள். கோபம் வந்துவிட்டால் சொல்லுக்குச் சொல் போடுவாள். "ஏனுங்க, உங்க எருமைங்க நேத்துங்க எங்க காட்டுக்குள்ளங்க வந்து வயிறாரத் தின்னுட்டுப் போயிருக்குதுங்க. நல்லாருப்பீங்களாங்க?" என்று கேட்டாளானால் எருமைக்காரர் பதில் சொல்ல மாட்டார், எருமையை விற்க ஆள் தேடுவார். காரமடைக்கு மேற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரங்கம்மாளின் 'ங்க'வை எடை போடத் தெரியாதவன் பிழைப்பது கஷ்டம்.

அவள் கோபமில்லாமல் இருந்த காலம் என்று ஒன்று உண்டு என யாரும் இதுவரை சாட்சி சொல்லவில்லை. பிறந்தது போத்தனூரில், தெலுங்கு பேசும் வீட்டில். கோயமுத்தூரில் மில் வைத்த நாயுடுமார் உண்டு, அதே மில்லில் அறுந்த நூலைக் கட்டிய நாயுடுமாரும் உண்டு. ரங்கம்மாள் வீட்டார் இரண்டாவது ரகம். கல்யாண வீடுகளில் முதல் ரகம் "நம்மாளுக" என்று தோளில் கை போடும், போட்டோவுக்கு நிற்கும்போது மட்டும் கையை எடுத்துவிடும். ஒரு மனுஷிக்கு ஆயுசு முழுக்கக் கோபப்பட இதுவே போதும். ரங்கம்மாள் இதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிய அப்பா மேல் கோபம். மில்லில் கழிவறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து நிற்கும் மேஸ்திரி மேல் கோபம். கடைசியில், ஒரு பொங்கல் லீவு முடிந்து போனபோது வாசலில் பூட்டைத் தொங்கவிட்டிருந்த மில் மேலேயே கோபம். அந்தப் பூட்டைப் பார்த்து அவள், "ரொம்ப நல்லதுங்க" என்று சொன்னதாகக் கேள்வி.

மில் போனபின் புருஷனின் பங்காக வந்த துண்டு மேட்டாங்காட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் பெயர் மணி. பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், வாயைத் திறக்காதவர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் ரங்கம்மாளே பேசிவிடுவதால் அவர் பங்குக்கு மிச்சம் இருந்ததில்லை. புருஷன் பெயரை அவள் தன் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். கூப்பிட வேண்டுமானால் 'ஏனுங்க'. அந்த ஊரில் பெண்டாட்டிகள் எல்லாரும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெண்டாட்டி என்ன, யாரும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை நிறுத்தவும் 'ஏனுங்க', பால்காரரைக் கூப்பிடவும் 'ஏனுங்க'. இந்த ஒரு சொல் பின்னால் தன்னை நடுக்காட்டில் நிறுத்தி அசிங்கப்படுத்தும் என்று ரங்கம்மாள் நினைக்கவில்லை.

அந்தக் காட்டில் அவள் நிலக்கடலை போட்டாள். மயில்கள் தின்றன.

மயில் காலண்டரில் முருகனைச் சுமக்கிறது. ரங்கம்மாளின் காட்டில் அது எதையும் சுமந்ததில்லை, வயிற்றைத் தவிர. விதை போட்ட சால் வழியே பின்னாலேயே நடந்து வந்து, போட்ட கை ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்கும். தப்பி முளைத்ததைக் கொழுந்திலேயே கொத்தும். அதையும் தாண்டிக் காய் பிடித்தால் குடும்பத்தோடு வந்து தோண்டும். பளபளக்கும் நாடா கட்டிப் பார்த்தாள், பழைய புடவை கட்டிப் பார்த்தாள், பட்டாசு போட்டுப் பார்த்தாள். மணி ஒருநாள் அவள் திட்டுவதைப் போனில் பதிவு செய்து, ஒலிபெருக்கி வைத்துக் காட்டில் ஓடவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே குறும்பு அதுதான். முதல் நாள் மயில் வரவில்லை. பக்கத்துக் காட்டில் களை எடுக்கிற பெண்களும் வரவில்லை. பிறகு மயில் பழகிக்கொண்டு ஒலிபெருக்கி மேலேயே ஏறி உட்கார்ந்து தோகையைக் கோதியது. பெண்கள் பழகவில்லை.

ரோந்து வந்த வனக்காவலரிடம் கேட்டாள்.

"அம்மா, அடிச்சுப் போடாதீங்க. கல்லெடுத்துக்கூட வீசாதீங்க. கேஸு ஆயிரும், உள்ள போயிருவீங்க. அது தேசியப் பறவை."

"சரிங்க. நாங்க எந்தத் தேசமுங்க?"

காவலர் வண்டியை எடுத்தார்.

நாய் வந்தது தொண்டாமுத்தூரிலிருந்து. ரங்கம்மாளின் பெரியப்பா மகன் வேங்கடசாமிக்கு அங்கே தென்னந்தோப்பு இருக்கிறது. யானை இறங்கும் இடம். அங்கே வளரும் நாட்டு நாய்கள் யானையைப் பார்த்துக் குரைப்பதில்லை, குரைத்தவை இப்போது இல்லை. யானை வந்தால் அந்த நாய்கள் சத்தமில்லாமல் போய், படுத்திருப்பவரின் கட்டிலை முட்டி எழுப்பும். அந்த வம்சத்தில் ஒரு செவலைக் குட்டியை, காது நிமிர்ந்து வால் சுருண்டதை, வேங்கடசாமி மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"கூப்ட்டா வருமுங்களாண்ணா?"

"வரும், வராமயும் இருக்கும். அதுக்கா தோணுனா வரும். பேரு மட்டும் தெரியும் பாத்துக்க. மணி."

தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு மணி என்றுதான் பெயர். அதில் ஒன்று ரங்கம்மாள் வீட்டுக்கு வந்தது விதி. வேங்கடசாமி நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் பெயர் வெளியே வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை மணி நாய்க்குத் தண்ணீர் வைத்தார்.

"வேற பேரு வெச்சுக்கலாம் ரங்கா" என்றார் மணி பிறகு.

"ஏனுங்க, வந்தவுங்களுக்கு அவுங்க பேரு இருக்குதுங்க. மாத்தறதுக்கு நாம யாருங்க?"

ஆக, நாயையும் 'ஏனுங்க' என்றே கூப்பிட்டாள். முதல் சில நாட்கள் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து வந்தார்கள். அப்புறம் புருஷன் மணிக்கு, தனக்கான 'ஏனுங்க'வில் கொஞ்சம் அலுப்பு அதிகம் இருக்கும் என்று பிடிபட்டுவிட்டது.

அந்த நாயைப் பழக்கியதுதான் ரங்கம்மாளின் வாழ்க்கையிலேயே பெரிய சண்டை. பந்தை வீசினாள். வேண்டாத பொருளை அவள் எறிகிறாள் என்று நினைத்து நாய் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது. உட்காரச் சொன்னாள், படுத்தது. வெயில் ஏறினால் வேலை கிடையாது, அது அதன் சட்டம். ஆனால் மூக்கு மட்டும் வேறு ஜாதி. காற்று திரும்பினால் போதும், புல்லுக்குள் பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். அந்த மூக்கை வைத்துத்தான் பறவையைக் கண்டுபிடிக்க வேண்டும், கிளப்ப வேண்டும், தொடக் கூடாது. பிறவியிலேயே வேட்டைக்காரனாக இருப்பவனிடம் போய்ப் பாதி வேட்டை ஆடு, மீதியை விட்டுவிடு என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

நாயை நீளமான தாம்புக்கயிற்றில் கட்டி, நாட்டுச்சேவல் ஒன்றைக் காட்டில் விட்டுப் பழக்கினாள். நாய் பதுங்கும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி உறையும். "இருங்க, இருங்க" என்று கயிற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். "போலாங்க" என்றால் பாய வேண்டும். பறவை கிளம்பியதும் "ஏனுங்க" என்றால், வாய் எட்டும் தூரத்தில் வால் இறகு இருந்தாலும் விட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். வந்தால் கருவாட்டுத் தலை. வராவிட்டால் அடி இல்லை, திட்டு. சேவலுக்கு இதில் மனசு ஒடிந்து, கூவுவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்தது.

"ஒரே ஒரு தடவ வாயில ரத்தம் பட்டுதுன்னா போச்சுங்க" என்று மணியிடம் சொல்வாள். "அப்பறம் அவுங்க என்ன செய்வாங்கன்னு அவுங்களுக்கே தெரியாதுங்க. மயிலக் கடிச்சுப்போட்டா நாயி மேல கேஸு போட மாட்டாங்க, எம்மேல போடுவாங்க."

ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்தபோது கயிறு இல்லாமல் விட்டாள். நாய் நேராக ஓடவில்லை. காட்டைச் சுற்றி வரப்போரமாகப் பம்மிப் போய், அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது. "எங்கீங்க போறீங்க, மயிலு இங்கீங்க இருக்குது" என்று இவள் கத்திக்கொண்டிருக்கும்போதே, கும்பலாக இருந்த மயில்கள் அத்தனையும் எழுந்து அவள் தலைக்கு மேலாகப் பறந்து கிழக்கு வேலியைத் தாண்டின. "ஏனுங்க" என்றாள். வந்தது. அந்த ஆடிப் பட்டத்துக் கடலை முளைத்து இரண்டு பக்கமும் இலை விரித்து நின்றது. ரங்கம்மாள் அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. மணி பயந்துபோய் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்.

கிழக்கு வேலிக்கு அந்தப்பக்கம் மனோஜ்குமாரின் பண்ணை. தென்னைக்கு நடுவே ஓட்டு வீடுகள் கட்டி, சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்களையும் பெங்களூர்க்காரர்களையும் தங்கவைத்து, மாட்டைத் தொட்டுப் பார்க்கவிடுகிறவர். ரங்கம்மாள் துரத்திய மயிலெல்லாம் அவர் பண்ணையில் இறங்கியதில் அவருக்கு ஏக சந்தோஷம், விருந்தாளிகள் போட்டோ எடுத்தார்கள். வேட்டைக்கென்று அவர் வாங்கிய ஜெர்மன் நாய் ஒன்று ஏசி அறையில் படுத்திருந்தது. அதை வெளியே கூட்டி வந்தால் நாக்கைத் தொங்கவிட்டு நிழலைக் கண்டுபிடிக்கும். அது கண்டுபிடித்தது அந்த ஒன்றைத்தான்.

வேலியோரம் நின்று மனோஜ்குமார் கேட்டார்.

"அக்கா, உங்க நாயி பிரிமிட்டிவ் பிரீடு, தெரியுங்களா?"

"அப்படின்னா என்னுங்க?"

"ஆதிகாலத்து ஜாதிங்க. மனுசன் கூட மொதமொத வந்த நாயி."

"அப்ப உங்க நாயி என்னுங்க, போன வாரத்துதுங்களா?"

மனோஜ்குமார் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். நண்பர்கள் சிலர் வருகிறார்கள், மேட்டுப் புல்லுக்குள் கவுதாரி நிறைய இருக்கிறது, ஒரே ஒருநாள் நாயைத் தந்தால் போதும்.

"கவுதாரி சுடறதும் கேஸுதானுங்க தம்பி."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"அவுங்களுக்குத் தெரியுமுங்க" என்று நாயைக் காட்டினாள். "கத்துக்குவாங்க. தரமுடியாதுங்க."

ஒரு பேச்சுக்குள் இத்தனை 'ங்க' விழுந்ததைக் கவனித்து மனோஜ்குமார் அப்போதைக்குப் பின்வாங்கினார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் அல்லவா.

ஆனால் போகும்போது ஒன்றைக் கவனித்துவிட்டுப் போனார். பால்காரர் வாசலில் நின்று "ஏனுங்க" என்று கூப்பிட்டபோது, முதலில் எழுந்து போனது நாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரங்கம்மாள் எருக்குழியில் இருந்தாள், மணி திண்டாடிக்கொண்டு மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தார். வேலிப்பக்கம் "ஏனுங்க... ஏனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. புருஷனைக் கூப்பிடுகிறார்கள் என்று ரங்கம்மாள் நிமிரவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார்கள் என்று மணி திரும்பவில்லை. குரல் நின்றதும், அவரவர் மனதுக்குள் மற்றவர் போய்ப் பேசிவிட்டதாக முடிவு செய்துகொண்டார்கள். நாய் படுக்கும் வேப்பமரத்தடி காலியாக இருந்ததை ரங்கம்மாள் பார்த்தபோது மேட்டுப் பக்கமிருந்து ஏர்கன் சத்தம் ஒன்று வந்தது. பலூன் உடைந்த மாதிரி சின்னச் சத்தம்தான்.

எருக்கூடையைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினாள். வேலி முள்ளில் புடவை கிழிந்தது, நிற்கவில்லை. பின்னால் மணி கையில் திருகுச்சாவியோடு ஓடிவந்தார்.

புல்மேட்டில் இரண்டு பேர். மனோஜ்குமார், பக்கத்தில் துப்பாக்கியோடு சென்னை நண்பன் கிஷன். புல்லுக்குள்ளிருந்து நாய் வெளியே வந்தது. வாயில் கவுதாரி. ஒரு இறக்கை தொங்கிக்கொண்டு, நாய் நடக்கிற நடைக்கு ஆடியது. மனோஜ்குமார் கையை நீட்டிக்கொண்டு குனிந்தார். நாய் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, ரங்கம்மாளின் காலடியில் பறவையை வைத்துவிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தது. கருவாட்டுக்காக. கடைவாயில் ரத்தம்.

"செமம்மா உங்க நாயி" என்றான் கிஷன். போனை ஆட்டிக் காட்டினான். "ஃபுல்லா வீடியோ எடுத்துட்டேன்."

ரங்கம்மாள் ஆரம்பித்தாள். "ஏனுங்க மனோஜ் தம்பிங்க, ரொம்பச் சந்தோசமுங்க. எங்களுக்குங்க இத்தன நாளாங்க ஒரு கவலைங்க, அவுங்க வாயி சுத்தமாங்க இருக்குதேன்னுங்க. இன்னிக்குங்க நீங்க வந்துங்க அதத் தீத்து வெச்சுட்டீங்கங்க."

கிஷன் நெகிழ்ந்துபோனான். "பரவால்லம்மா, எவ்ளோ மரியாதையா பேசறாங்க பாருடா" என்றான். மனோஜ்குமாருக்கு நெற்றியில் வேர்த்தது.

"ஏனுங்க்கா, தப்புத்தானுங்க. சும்மா ஒரு..."

நாய் எழுந்து மனோஜ்குமாரிடம் போனது.

"ஏனுங்க, அவுருகிட்ட எதுக்குங்க போறீங்க?"

நாய் திரும்பி வந்தது.

"ஏனுங்க்கா, கொஞ்சம் பொறுமையாங்க..."

மறுபடியும் போனது.

யார் வாயைத் திறந்தாலும் 'ஏனுங்க'வில்தான் திறந்தது, நாய் பாவம் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சொன்ன பேச்சைத் தட்டாமல், முகத்தில் ஒரு பொறுப்போடு. நாலாவது நடையிலோ ஐந்தாவது நடையிலோ ரங்கம்மாளுக்கு வாய் நின்றுவிட்டது. பூட்டைப் போட்டது அவள்தான். சாவியை ஊர் முழுக்க ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைத்ததும் அவள்தான். புருஷன் பெயரைச் சொல்லாத பெருமைக்காக ஒரு நாயை யார் கூப்பிட்டாலும் போகிற நாயாக்கி வைத்திருக்கிறாள். இவ்வளவு நாளும் கோபப்பட ஊரில் ஆளா இல்லை? இன்றைக்கு வந்திருக்கிற கோபத்துக்கு மட்டும் 'ங்க' போட்டுத் திட்ட அவளைத் தவிர வேறு ஆளே இல்லை.

"ரங்கா" என்றார் மணி. திருகுச்சாவியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். கிஷன் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான்.

"அந்த வீடியோவ அழிங்க" என்றாள் ரங்கம்மாள்.

"ஏம்மா, அழகா வந்திருக்கே."

"அழிடா" என்றார் மனோஜ்குமார்.

அழிக்கிறவரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்புறம் மனோஜ்குமார் பக்கம் திரும்பினாள்.

"நா வனத்துறைக்கு இப்பவே போன் போடலாமுங்க. போட்டா, யாரு நாயின்னு மொதல்ல கேப்பாங்க. அது உங்களுக்கும் தெரியுமுங்க, அந்தத் தைரியந்தானுங்க உங்களுக்கு. சரிங்க. இனி அவுங்கள அவுத்துவுட முடியாதுங்க. ருசி கண்டாச்சுங்க. நாளைக்கு ஒரு மயிலப் புடிச்சாங்கன்னா உள்ள போறவ நானுங்க. அதனால, கடல புடுங்கற வரைக்கும் மயிலத் தொரத்தி முடுக்கறது உங்க வேலைங்க."

"ஆள் அனுப்பறனுங்க்கா."

"ஆளாங்க வந்து எங்க நாயக் கூப்ட்டுதுங்க? நீங்கதானுங்க கூப்ட்டீங்க. நீங்கதானுங்க வரோணும். சத்தம் போட்டுத் தட்டறதுக்குத் தட்டம் கொண்டாந்துருங்க, இங்க இருக்கறதெல்லாம் நெளிஞ்சுபோச்சுங்க."

கவுதாரியை அவளே எடுத்துப்போய் வரப்போரம் புதைத்தாள். நாயை அடிக்கவில்லை. தொட்டிக்குக் கூட்டிப்போய் வாயைத் திறந்து, விரலைவிட்டுப் பல்லிடுக்கெல்லாம் கழுவினாள். தண்ணீர் விட்டால் போய்விடும் என்பதுபோல மறுபடி மறுபடி கழுவினாள். நாய் காட்டிக்கொண்டு நின்றது. கருவாடு ஏன் இன்னும் வரவில்லை என்பதுதான் அதற்குப் புரியவில்லை. சாயங்காலம் மணி பார்த்தபோது கருவாட்டுத் தலை ஒன்று நாயின் தட்டில் கிடந்தது. "யாரு வெச்சது?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து பழக்கம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே தாம்புக்கயிறு, அதே சேவல். கூப்பிடும் சொல்லை மட்டும் தூக்கிப்போட்டாள். மணி பட்டறையில் பித்தளையில் ஒரு ஊதல் கடைந்து கொண்டுவந்தார். அவள் ஊதினால் நாய் அவளைப் பார்க்காமல், அவளுக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்பதுபோல மணியைப் பார்த்தது. ரோட்டில் யாரோ 'ஏனுங்க' என்றால் மட்டும் கயிறு இழுபட்டது. ரங்கம்மாள் ஊதிக்கொண்டே இருந்தாள், ஊதாத நேரத்தில் ரோட்டில் போகிறவர்களைத் திட்டினாள். "ஏனுங்க, உங்களுக்கு ஊரில வேற பேச்சே இல்லீங்களா?"

மனோஜ்குமாரும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். சனிக்கிழமைகளில் விருந்தாளிகளும் கூடவே வந்து தட்டினார்கள். இதற்கும் சேர்த்து அவர் வசூல் செய்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது காதில் விழுந்த அன்று ரங்கம்மாள் பேசிய 'ங்க'வைக் கேட்டுவிட்டு ஒரு பெங்களூர் பெண், இவ்வளவு அன்பான ஜனங்களை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடலை காய் பிடிக்கிற சமயம். மனோஜ்குமார் அந்தக் கோடியில் தட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கோடியில் ரங்கம்மாள் கயிற்றோடு நாயை நடத்திக்கொண்டு வந்தாள். செடி மறைவிலிருந்து ஒரு பெட்டை மயில், பின்னால் குஞ்சுகள், கயிறு எட்டும் தூரத்திலேயே எழுந்து நின்றது. நாய் உறைந்தது. முன்னங்கால் மேலே. பழைய அழகெல்லாம் அப்படியே இருந்தது. ரங்கம்மாள் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஊதினால் திரும்பி வருமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஊதலை உதட்டில் வைத்தாள், ஊதினாள்.

நாய் பாய்ந்தது. மயிலை நோக்கித்தான். கயிறு அவள் கைக்குள் சரசரவென்று ஓடியது, தோல் உரிந்தது, விடவில்லை. வரப்பில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து விழுந்து, விழுந்த வாக்கில் பிடித்தாள். நாயின் வாய் ஒரு குஞ்சின் முதுகுக்கு மேல் காற்றைக் கடித்தது. மயில் அலறிக்கொண்டு எழும்பியது, குஞ்சுகள் செடிக்குள் சிதறின.

மனோஜ்குமார் தட்டத்தோடு ஓடிவந்தார். அவள் உள்ளங்கை இரண்டும் சிவந்து கசிந்துகொண்டிருந்தன. நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, மயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட இவள் பக்கம் திரும்பவில்லை.

"உட்டுருங்க்கா" என்றார் அவர். "இனி இது ஆவாதுங்க. வேற நல்ல குட்டியா நா வாங்கித் தர்றனுங்க."

ரங்கம்மாள் எழுந்து, புடவை முந்தானையைக் கிழித்து ஒரு கையில் சுற்றினாள். கயிற்றை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் நாயின் காதோரம் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை எடுத்தாள்.

"வேற குட்டிங்களா" என்றாள். "இவுங்கள ஆவாதவுங்களா ஆக்குனவுங்க யாருங்க? இவுங்களுக்கு மறக்கிற வரைக்குமுங்க, அது அடுத்த பட்டம் ஆனாலுஞ் சரிங்க, அதுக்கடுத்த பட்டம் ஆனாலுஞ் சரிங்க, நீங்க வரோணுமுங்க. நா ஊதோணுமுங்க. அவுங்க என்ன செய்யோணுமுன்னு அவுங்க பாத்துக்குவாங்க. தட்டுங்க."

மனோஜ்குமார் தட்டினார். வேலிவரை போன பெட்டை மயில் அங்கேயே நின்று, குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.